மோட்டார் சைக்கிளுக்கு நாக்கு இல்லை

மோட்டார் சைக்கிளுக்கும் காய்ச்சல் பார்க்கலாம் என்பது சிவகரன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மனிதருக்கு முப்பத்தேழு பாகை போல அதற்கு எண்பத்தைந்து, தொண்ணூறு. எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீர் அந்த அளவில் நின்றால் அது சுகமாக இருக்கிறது என்று பொருள். நூறை எட்டினால் முன்னுக்கு இருக்கும் சின்ன விசிறி தானாகச் சுழன்று ஆற்றிவிடும். நூற்றுப் பதினைந்தைத் தாண்டினால் ஓரமாக நிறுத்திவிட்டு மர நிழல் தேட வேண்டியதுதான். எஞ்சின் ஒயிலின் குணம் வேறு. அது மெதுவாகச் சூடேறும், மெதுவாக ஆறும். தொண்ணூறுக்கும் நூற்றுப் பத்துக்கும் இடையில் நின்றால் நல்ல பிள்ளை. நூற்று முப்பதைத் தாண்டினால் ரசம் போல இளகிவிடும். பிறகு இரும்பும் இரும்பும் நேருக்கு நேர் உரசும். குளிர்ந்து கிடந்தாலும் குற்றம். எழுபதுக்குக் கீழே நிற்கும்போது முறுக்கக் கூடாது. எங்கள் கோயில் தலைவரும் அப்படித்தான், சூடும் ஆகாது, குளிரும் ஆகாது.

இதெல்லாம் எதற்கு என்று நீங்கள் பேனையைத் தட்டுகிறீர்கள், ஐயா. நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி: சிவகரனின் மோட்டார் சைக்கிளுக்குக் கொடுத்த தண்ணீரை எந்தக் குழாயில் பிடித்தாய்? அதற்கு மறுமொழி சொல்லத்தான் போகிறேன். சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் மோட்டார் சைக்கிளைப் பற்றி விசாரிக்க வந்ததைக் குளவெளி இன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறது. வெளியே எங்கள் தெருத் தர்மிளா வெறும் தண்ணீர்க் கானோடு அரை மணித்தியாலமாக நிற்கிறாள். நிலையம் பூட்டிக் கிடப்பது அவளுக்குத் தெரியும். அவள் தண்ணீருக்கு நிற்கவில்லை. அவளுடைய இடத்தில் நான் என்றால் இவ்வளவு நேரத்துக்கு யன்னலுக்குக் கிட்ட வந்திருப்பேன்.

என்னைப் பற்றி நாலு பேர் நாலு விதமாகச் சொல்லியிருப்பார்கள். வாய்க்காரி, வேலிக்கு வேலி காது வைத்தவள், ஆர் வீட்டில் என்ன கறி என்று மணத்தை வைத்தே சொல்லக்கூடியவள். எல்லாம் சரிதான். குளவெளிச் சங்கத்தின் குடிதண்ணீர் நிலையத்தில் மூன்று வருடமாக நிற்கிறேன். தண்ணீருக்கு வராத வீடு இல்லை, தண்ணீர் நிரம்பும் வரை வாயை மூடிக்கொண்டு நிற்கும் ஆளும் இல்லை. நான் கேட்டதில் பாதியைத்தான் கேட்டேன். மீதி தானாக வந்தது.

எங்கள் கிணறுகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உவரும் சுண்ணாம்பும். ஒரு மாதம் கொதிக்க வைத்தால் கேத்தலின் அடியில் வெள்ளைப் பொருக்கு முட்டைக் கோது மாதிரிப் பிடித்துவிடும். சிறுநீரக வருத்தம் புகுந்த வீடுகள் ஏழெட்டு இருக்கின்றன. அதற்குக் காரணம் தண்ணீரா, வயலுக்கு அடிக்கிற மருந்தா, வெயிலா என்று படித்த டாக்குத்தர்மாரே இன்னும் முடிவாகச் சொல்லவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. அவர்களே சொல்லவில்லை.

நிலையத்தில் மூன்று குழாய்கள். நீலக் குழாயில் வருவது வடிகட்டின தண்ணீர், அதைத்தான் குடிப்பார்கள். பக்கத்துக் குழாயில் வருவது கிணற்றுத் தண்ணீர், கான் கழுவுவதற்கு. பின்பக்கத்தால் வெளியே போகும் மூன்றாவது குழாயில் கழிவுத் தண்ணீர். நல்ல தண்ணீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பும் சுண்ணாம்பும் எல்லாம் சேர்ந்து அதில்தான் போகும். அது விழும் இடத்தில் இரண்டு வாழை நட்டுப் பார்த்தேன். இலை விளிம்பு நெருப்பில் வாட்டினது மாதிரிக் கருகிவிட்டது.

இந்த நிலையத்தைக் கொண்டுவந்தவர் சங்கத் தலைவர் கனகலிங்கம் அண்ணை. சிவகரனின் தகப்பன். யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துத் திட்டத்தில் காணி எடுத்து வந்து நெல் விதைத்த குடும்பம். அண்ணைக்கு அப்போதே சிறுநீரகத்தில் சாடையான வருத்தம். இனி வடிகட்டின தண்ணீர் மட்டும்தான் குடிக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அவர் நாலு கந்தோர் ஏறி இறங்கினார். நிலையம் வந்தது. "மீனம்மா நிக்கட்டும், கை சுத்தமான மனிசி" என்று என்னை வேலைக்குச் சொன்னவரும் அவர்தான். நல்ல மனிதர். அவருடைய குறை ஒன்றுதான், அன்னபாக்கியம் அக்காவைக் கட்டியது.

அக்காவின் வாயிலிருந்து கெட்ட வார்த்தை வராது. அது அவாவின் கெட்டித்தனம். என் தகப்பன் பழனியாண்டி எழுபத்தேழுக் கலவரத்தோடு பதுளை மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து இங்கே வந்தவர். நான் அப்போது கைக்குழந்தை. மலையைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் அக்கா என்னைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பின்னால் ஒரு மலை தெரியும் போலிருக்கிறது.

"மீனம்மா, நீ இப்ப எங்களை மாதிரியே கதைக்கிறாய்" என்பா. "ஆரும் பிடிக்கேலாது."

இதைப் பாராட்டாகத்தான் சொல்வா. கேட்டுக்கொண்டு நிற்பவர்களும் தலையாட்டுவார்கள். நானும் சிரிப்பேன்.

நிலையம் திறந்த முதல் கிழமையே அவா ஒரு புதுக் கானில் சிவப்பு மையால் 'கனகலிங்கம்' என்று எழுதிக் கொண்டுவந்து வைத்தா. அது நிரம்பி வீட்டுக்குப் போனால் அடுத்த நாள் இன்னொன்று, அதிலும் சிவப்பு எழுத்து.

"எங்கட கானை மற்றவையின்ரையோட சேர்த்து வையாதை, என்ன? ஆர் ஆர் வாய் வைச்சதோ தெரியாது."

"வரிசையில நிண்டு பிடிச்சுக்கொண்டு போங்கோவன் அக்கா. உங்கட கண்ணுக்கு முன்னால."

"எனக்கு அதுகளோட நிண்டு கதைக்க ஏலாதடி. காலமை விட்டிட்டுப் போறன். நீ நிரப்பித் தள்ளி வை. பின்னேரம் தம்பி சிவகரன் வந்து எடுப்பான்."

ஆக, ஊரில் எல்லோருடைய கானும் நீலக் குழாயடியில் ஒன்றாய்க் கிடக்கும், எது ஆருடையது என்று எனக்கே தெரியாது. அந்தக் கான் மட்டும் தனியே, உள்ளே, சுவரோரம். தொடக்கூடாத பொருளைப் போல. அவா வரிசையில் நின்றிருந்தால் நான் இன்றைக்கு உங்கள் முன்னால் இருந்திருக்க மாட்டேன். ஆளோடு ஆள் கலந்து நின்றிருந்தால் எதுவும் நடந்திருக்காது. இதை அக்காவிடம் ஒருமுறை எடுத்துச் சொல்லுங்கள், ஐயா. நான் சொன்னால் குத்திக் காட்டுகிறேன் என்பா.

இரண்டு வருடத்துக்கு முன்பு, வைகாசியில், என் மகள் பிரேமிளாவுக்கு வவுனியாவில் ஒரு சம்பந்தம் பொருந்தி வந்தது. மாப்பிள்ளைக்கு நெளுக்குளத்தில் கடை. சாதகம் பார்த்து, படம் பார்த்து, எல்லாம் சரி. பிறகு வழமைப்படி மாப்பிள்ளையின் தாய்மாமன் சொல்லாமல் கொள்ளாமல் பஸ்ஸில் வந்து இறங்கி ஊருக்குள் விசாரித்தார். நம்முடைய ஆட்கள் பிள்ளை வீட்டாரிடம் கேட்க மாட்டார்கள், பக்கத்து வீட்டாரிடம்தான் கேட்பார்கள். அவர் கேட்டது அன்னபாக்கியம் அக்காவிடம். அந்த நேரம் நான் வேலிக்கு இந்தப் பக்கம் முளைக்கீரை பிடுங்கிக்கொண்டிருந்தேன். கீரை இல்லாத இடத்தில் எப்படிப் பிடுங்கினாய் என்று கேட்காதீர்கள்.

அக்கா அவரை முற்றத்துக் கதிரையில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்தா. பிறகு சொன்னா: "பிள்ளை தங்கமான பிள்ளை. ஒரு சொல்லுச் சொல்ல ஏலாது." சீனியை அவர் பக்கம் தள்ளி வைத்தா. பிறகு, "தாய் தகப்பன்ர பக்கம் மலைநாடு. அது நீங்கள் விசாரிச்சிருப்பியள்தானே" என்றா.

அவ்வளவுதான். ஒரு கிழமையில் சாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். பொருந்தி முடிந்த சாதகம் வீட்டுக்குப் போன பிறகு எப்படிப் பொருந்தாமல் போகும் என்று நான் எவரிடமும் கேட்கவில்லை. பிரேமிளா அழவில்லை. கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை எடுத்துக்கொண்டு விடுதிக்குப் போய்விட்டாள். வீட்டில் ஒரு தட்டுக் குறைந்தது. நிலையத்தில் அடுத்த நாளும் சிவப்பு எழுத்துக் கான் வந்தது. "என்ன மீனம்மா, முகம் வாடிப்போய்க் கிடக்கு?" என்று அக்கா கேட்டா. மெய்யான அக்கறையோடுதான் கேட்டா. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஆனி மாதத்திலிருந்து அந்தக் கானுக்குக் கால்வாசி கிணற்றுத் தண்ணீர், மேலே முக்கால்வாசி நல்ல தண்ணீர்.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். மோட்டார் சைக்கிளைப் பற்றிக் கேட்க வந்தீர்கள், நான் கானைப் பற்றிச் சொல்கிறேன். கொஞ்சம் பொறுங்கள், இரண்டும் ஒரு கதைதான்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அது நஞ்சு இல்லை. நானும் என் புருசனும் பிள்ளையும் இருபது வருடம் குடித்த தண்ணீர். கழுவுகிற குழாயில் வருவது, அவ்வளவுதான். இந்தக் குளவெளியில் வேறு எவருடைய கானிலும் ஒரு துளி கலந்தது கிடையாது. மூன்று வருடத்தில் என்மேல் ஒரு முறைப்பாடு உண்டா என்று சங்கத்தில் கேட்டுப் பாருங்கள்.

அக்காவுக்கு எதுவும் ஆகாது என்பது எனக்குத் தெரியும். அவாவின் உடம்பு உலக்கை. ஒருவரை நோகடிக்க வேண்டுமென்றால் அவரைத் தொடக்கூடாது, ஐயா. அதை எனக்குக் கற்றுத் தந்தவா அவாதான். என்னைத் தொடவே இல்லையே.

ருசி மாறியது தெரியாதா என்று கேட்கிறீர்கள். அண்ணைக்கு அவா தண்ணீரைச் சீரகம் போட்டுக் கொதிக்க வைத்துத்தான் கொடுப்பா. சீரகம் எதையும் மறைக்கும். கேத்தலைப் பற்றி ஒருமுறை கேட்டா.

"மீனம்மா, கேத்தலுக்குள்ள வெள்ளையாய்ப் பிடிக்குதடி. பில்டர் தண்ணிக்குப் பிடிக்குமே?"

"கேத்தல் மலிஞ்ச சாமானாயிருக்கும் அக்கா. நல்லதாய் ஒண்டு வாங்குங்கோ."

வாங்கினா. புதுக்குடியிருப்புக்குப் போய் ஒன்று, பிறகு கிளிநொச்சிக்குப் போய் அதைவிட விலையாய் இன்னொன்று. என்மேல் சந்தேகம் வருவதற்குப் பதிலாகக் கடைக்காரர்மேல் வந்தது. தன் வீட்டுக்குள் கெட்டது வர வழியில்லை என்று இருப்பவர்கள் கேத்தலைத்தான் மாற்றுவார்கள்.

போன ஆவணியில் சிவகரனின் மோட்டார் சைக்கிள் வந்தது. கறுப்பு, இருநூறு சீசீ, முன்னுக்குச் சின்ன ரேடியேற்றர். தம்பி புதுக்குடியிருப்பில் ஒரு கல்வி நிலையத்தில் பௌதிகவியல் படிப்பிக்கிறான். அதனால் அவனிடம் ஒன்றைக் கேட்டால் கரும்பலகை இல்லாத குறைதான். தண்ணீருக்கு ஒன்று, ஒயிலுக்கு ஒன்று என்று சூடு காட்டும் இரண்டு சின்ன மானி பூட்டி வைத்திருந்தான். கான் எடுக்க வரும்போதெல்லாம் சொல்வான்.

"இண்டைக்கு எவ்வளவு தம்பி?"

"தண்ணி எண்பத்தாறு, ஒயில் தொண்ணூற்றேழு. சோக்காய் நிக்குது அன்ரி."

"உனக்கு ஒரு பொம்பிளை பார்த்தாலும் இப்பிடித்தான் மானி பூட்டுவாய் போல."

"அதுக்கு அம்மா இருக்கிறாவே. என்னை விட வடிவாய்ச் சூடு பார்ப்பா."

நல்ல பொடியன். தாயின் மூக்கு, தகப்பனின் குணம். எங்காவது ஒரு ரப்பர்க் குழாயில் சாடையான கசிவு இருந்திருக்க வேண்டும். பத்து நாளைக்கு ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் விட வேண்டி வந்தது. கிணற்றுத் தண்ணீர் விடாதே, வடிகட்டினதைத்தான் சூடாற்றும் கூலன்றோடு கலந்து விட வேண்டும் என்று எதிர்க் கராஜ் ரூபன் சொல்லிவிட்டிருந்தான். சிவகரன் அதற்கென்று ஒரு போத்தலும் கொண்டுவந்தான்.

அந்தக் கிழமை வரிசைக்கு முன்னால் அக்கா சொன்னதை ஊரே கேட்டது. "எங்கட வீட்டில பைக்கும் பில்டர் தண்ணிதான் குடிக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். சண்டை முடிந்து மீள்குடியேறி வந்த புதிதில், ஊருக்கே நாலு கிணறு மட்டும் இறைத்துச் சுத்தமாக்கியிருந்த நாட்களில், நான் அவாவின் கிணற்றடிக்குக் குடத்தோடு போனேன். "கிட்ட வராதை, குடத்தைக் கீழ வை, நான் ஊத்திறன்" என்று தூரத்தே நின்று ஊற்றினா. பாதி நிலத்தில் போனது. அந்தப் பாதி இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. இப்போது மோட்டார் சைக்கிளுக்கு நல்ல தண்ணீர்.

சிவகரனின் போத்தலை நான் பின்பக்கத்துக் குழாயில் பிடித்தேன், ஐயா. கழிவுத் தண்ணீர். உங்கள் கேள்விக்கு மறுமொழி அதுதான். கானுக்குக் கால்வாசி கலக்கையில் கூட எனக்கு நாக்கைப் பற்றிய பயம் இருந்தது, அளந்து அளந்து ஊற்றினேன். போத்தலுக்கு அப்படி ஒரு பயமும் இல்லை. மோட்டார் சைக்கிளுக்கு நாக்கு இல்லை. முழுப் போத்தலும் நிரப்பிக் கொடுத்தேன்.

அங்கேதான் பிழை விட்டேன். நாக்கு இல்லாததுதான் கடைசியில் சொல்லிக் கொடுத்தது.

மார்கழி மழைக்குள்ளும் தண்ணீர் தொண்ணூறு காட்டியது. மாசியில் தொண்ணூற்றாறு. பங்குனியில் நூற்றொன்று, ஒயில் நூற்றுப் பன்னிரண்டு. விசிறி ஓயாமல் சுற்றுகிறது என்றான்.

"வெயில்தானே தம்பி" என்றேன். "எங்களுக்கே உச்சி வெடிக்குது. அது இரும்பு."

"ஓம் அன்ரி. நூறு எண்டாலும் நோர்மல்தான். நூற்றஞ்சு வரைக்கும் பயமில்லை."

சித்திரையில் நூற்றைந்து. "நூற்றுப்பத்து வரைக்கும் பயமில்லை" என்றான். பௌதிகவியல் படிப்பிக்கிறவன். ஒரே நாளில் எண்பத்தாறிலிருந்து நூற்றைந்துக்கு ஏறியிருந்தால் நடு ரோட்டில் இறங்கிக் கத்தியிருப்பான். ஒன்றொன்றாக ஏறியதால், நோர்மல் என்ற சொல்லைத் தூக்கி அடுத்த படியில் வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தான். ரூபனிடம் காட்டவும் அவனுக்கு நேரமில்லை. தகப்பனோடு ஆஸ்பத்திரிக்கு அலைந்துகொண்டிருந்தான்.

ஏனென்றால் அந்த வீட்டில் இன்னொரு இலக்கமும் ஏறிக்கொண்டிருந்தது. சிறுநீரகம் கெடக் கெட இரத்தத்தில் ஏறுகிற கிரியேட்டினின். அதையும் நான் ஒழுங்காகக் கேட்டுக்கொள்வேன். நிலையம் திறந்தபோது அண்ணைக்கு ஒன்று தசம் எட்டு. ஒரு வருடம் அசையாமல் நின்றது. போன மார்கழியில் இரண்டு தசம் நாலு. மாசியில் நாலுக்கு மேல். சித்திரையில் ஏழைத் தொட்டுவிட்டது. இப்போது கிழமைக்கு இரண்டு தரம் இரத்தம் கழுவக் கொண்டுபோகிறார்கள். விடியக்காலமை ஓட்டோ வரும், அக்கா கையைப் பிடித்து ஏற்றுவா. சேலை மடிப்புக் கலைந்திருக்கும். முந்தியெல்லாம் அவாவின் மடிப்பில் விரல் வைத்தால் வெட்டும்.

சித்திரை வருடப்பிறப்புக்குப் பிறகு அண்ணை ஒருநாள் நிலையத்துக்கு வந்தார். முகம் வீங்கி, தோல் சாம்பல் பூத்து, படியில் ஏற மாட்டாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மீனம்மா, உன்ர தண்ணியாலதான் இவ்வளவு காலமும் இழுத்துக்கொண்டு வந்தனான். நீ இல்லையெண்டால் எப்பவோ போயிருப்பன்."

"அப்பிடிச் சொல்லாதேங்கோ அண்ணை. இருங்கோ, கதிரை கொண்டு வாறன்."

எனக்குக் கண் கலங்கியது. அது நடிப்பு இல்லை. அவருக்கு ஒரு குவளை தண்ணீர் கொடுத்தேன், நீலக் குழாயில் பிடித்து, முழுவதும் நல்ல தண்ணீர். அன்றைக்கு என் கையால் நேரே கொடுத்ததில் ஒரு துளி கலப்பும் இல்லை. அதையும் எழுதுங்கள்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். போன கிழமை தகப்பனின் இரத்தப் பரிசோதனைத் துண்டோடு சிவகரன் கிளிநொச்சிக்குப் போகும் வழியில், விசுவமடுவுக்குக் கிட்ட மோட்டார் சைக்கிள் இறுகி நின்றது. தண்ணீர் நூற்றிருபத்திரண்டு, ஒயில் நூற்று முப்பத்தெட்டு. அவன் கடைசியாகப் பார்த்த இலக்கங்கள் அவை. நல்ல வேளை, ஆளுக்கு ஒன்றும் இல்லை. லாண்ட் மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்து ரூபனின் கராஜில் இறக்கினார்கள். கராஜ் எனக்கு நேர் எதிரே. அதைப் பார்க்காமல் இருக்க நான் என்ன துறவியா?

ரூபன் எஞ்சினைக் கழற்றிப் பிரித்தான். ரேடியேற்றரை வெயிலுக்குத் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். உள்ளே விரலை விட்டு எடுத்தான். விரல் நுனியில் வெள்ளையாய், பால் திரைந்தது போல. எஞ்சினுக்குள் தண்ணீர் ஓடும் வழியெல்லாம் கல்லாய்ப் பிடித்திருந்தது. திருப்புளியால் சுரண்டினான்.

"நீ கிணத்துத் தண்ணி விட்டனியோடா?"

"இல்லையண்ணை. பில்டர் தண்ணிதான். மீனம்மா அன்ரிதான் நிரப்பித் தாறவா."

"விசர்க் கதை கதையாதை. பில்டர் தண்ணிக்கு உது பிடிக்காது."

"உண்மையாய்த்தான் அண்ணை."

ரூபன் திருப்புளியைக் கீழே வைத்தான். வாயாடி அவன், என்னோடு நேருக்கு நேர் வாதாடக்கூடியவன். அந்த நேரம் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டான். ஆனால் ரோட்டில் வாகனம் ஒன்றும் இல்லை, எனக்குக் கேட்டது.

"அப்ப உன்ர கொப்பர் எதையடா குடிக்கிறார்?"

இரண்டு பேரும் நிமிர்ந்து ரோட்டுக்கு இந்தப் பக்கம் பார்த்தார்கள். நான் சிவப்பு எழுத்துக் கானைக் கழுவிக்கொண்டிருந்தேன். கை நிற்கவில்லை. கழுவி, கவிழ்த்து, தண்ணீர் வடியவிட்டேன். அன்று பின்னேரம் அந்த வீட்டில் கேத்தலை உடைத்துப் பார்த்ததாகத் தர்மிளா வந்து சொன்னாள். என்னிடமே வந்து சொன்னாள், பாவம், ஆரிடம் சொல்கிறோம் என்று தெரியாமல்.

அக்கா இன்னும் என்னிடம் வரவில்லை. நேற்றுக் காலை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என்னைப் பார்த்தா. ஏசுவா, மண் அள்ளித் தூற்றுவா என்று எதிர்பார்த்தேன். இல்லை. "ஏன் மீனம்மா?" என்று மட்டும் கேட்டா. அவாவுக்குத் தெரியவே தெரியாது, ஐயா. அந்தத் தேத்தண்ணியும் தாய்மாமனும் அந்த ஒரு வசனமும் அவாவின் ஞாபகத்திலேயே இல்லை. நான் இரண்டு வருடம் அளந்து அளந்து ஊற்றியது எதற்கென்று, அதைக் குடித்த வீட்டுக்குத் தெரியாது. நான் மறுமொழி சொல்லாமல் உள்ளே வந்துவிட்டேன். சொல்லியிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பா. அதற்கு இடம் கொடுக்க எனக்கு விருப்பமில்லை.

இப்போது நீங்கள் ஆஸ்பத்திரித் துண்டுகளை ஒவ்வொன்றாக மேசையில் அடுக்குகிறீர்கள். ஒன்றரை வருடம் மெல்ல மெல்ல ஏறிய இலக்கம் தைக்குப் பிறகு ஏன் பாய்ந்தது என்று கேட்கிறீர்கள். தையில் என்ன நடந்தது என்கிறீர்கள். கூர்மையான ஆள் நீங்கள். எங்கள் வரிசையில் நின்றிருந்தால் எனக்கு வேலை இருந்திருக்காது.

தைப்பொங்கலுக்குப் பிரேமிளா வந்திருந்தாள். முற்றத்தில் பானை வைத்து, பால் பொங்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். நான் அன்னபாக்கியம் அக்காவைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவள் அகப்பையைக் கீழே வைத்தாள்.

"அம்மா, இதைக் கேளுங்கோ. அந்தச் சம்பந்தத்தை வேண்டாமெண்டது நான்தான்."

"என்ன சொல்லுறாய்?"

"கடையில நிக்கோணும், வேலைக்குப் போகேலாதெண்டு அவர் சொன்னவர். நான் போனில வேண்டாமெண்டு சொல்லிப்போட்டன். உங்களுக்கு நோகுமெண்டு சாதகத்தைச் சாட்டச் சொன்னதும் நான்தான். அன்னபாக்கியம் மாமி மலைநாடு எண்டு சொன்னதைக் கேட்டு அந்த மாமா சிரிச்சவராம். அவையும் மலைநாட்டில ஹட்டன் பக்கத்தால வந்த ஆக்கள்தானேயம்மா. மாமியை விடுங்கோ."

பால் பொங்கி வழிந்தது. கிழக்குப் பக்கமாகத்தான் வழிந்தது, நல்ல சகுனம். நான் அரிசியைப் போட்டேன்.

என் பிள்ளை பொய் சொல்லிப் பழகாதவள், ஐயா. அன்றைக்கு எனக்காகச் சொன்னாள். தாயின் நெஞ்சு எரிவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளை அதை ஆற்ற வேறு என்ன சொல்லும்? பழியைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாள். என் பிள்ளையைப் பொய் சொல்ல வைத்த பாவமும் அந்த வீட்டைத்தான் சேரும். அடுத்த நாள் காலையில்தான் சிவப்பு எழுத்துக் கானின் கால்வாசியை அரைவாசியாக்கினேன்.